வீட்டுக்குள் நடமாடுவது யார்?

வாசற்கதவு தாழிட்டிருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் நான்கே பேர். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால், நூறு பேருக்கு மேல் நடமாடுகிறார்கள்! ஒருவர் அலமாரியைத் திறக்கிறார். ஒருவர் கணக்கு எழுதுகிறார். இன்னொருவர் ஜன்னல் வழியே வெளியில் யாருடனோ பேசுகிறார். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர்கூட வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இப்படியும் ஒரு வீடு இருக்குமா? இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், அந்தப் பெட்டிக்குள் நடப்பது இதுதான்.

திரையில் ஒரே ஒரு கடிதம் திறந்திருக்கும். பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டே வேலைகள். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்திப் பார்க்க வேண்டும். 'டாஸ்க் மானேஜர்' என்ற ஜன்னல் திறக்கும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் அதில் நீளமாக விரியும். எஸ்விசிஹோஸ்ட், எல்சாஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ், டிடபிள்யூஎம்... வாயில் நுழையாத பெயர்கள்!

இந்தப் பட்டியலைக் கண்டவர்கள் இரண்டு வகை. "நமக்கேன் வம்பு" என்று உடனே மூடிவிடுகிறவர்கள் ஒரு வகை. "ஐயையோ, வைரஸ்!" என்று பதறி, தெரியாத பெயரையெல்லாம் அழிக்கப் புறப்படுகிறவர்கள் இன்னொரு வகை.

இருவருமே நஷ்டப்படுகிறார்கள். அதுதான் கவலைக்குரிய விஷயம்.

பேயின் பெயர்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. வேடிக்கை என்னவென்றால், பின்னணியில் ஓடும் புரோகிராம்களுக்குக் கம்ப்யூட்டர் உலகம் வைத்த பெயரே 'டீமன்' என்பதுதான். அமெரிக்காவில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963-ம் ஆண்டு வாக்கில் அந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஞ்ஞானி மாக்ஸ்வெல் ஒரு தத்துவத்தை விளக்குவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பூதம் ஒன்றைக் கற்பனை செய்தார். அந்தப் பூதம் ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும். அதை நினைவில் வைத்துத்தான் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். திரைமறைவில் ஓயாமல் உழைக்கிறவன் என்பதே பொருள்.

அப்படி உழைப்பவர்கள் பலர். ஒரு புரோகிராம் திரையில் படம் தீட்டுகிறது. ஒன்று பைல்களுக்கு அட்டவணை தயாரிக்கிறது. ஒன்று வைரஸ் இருக்கிறதா என்று தேடுகிறது. ஒன்று புதிய திருத்தங்கள் வந்திருக்கின்றனவா என்று தயாரித்த கம்பெனியைக் கேட்கிறது. அச்சு இயந்திரத்துக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. குரோம் உலாவியைத் திறந்தாலோ, அதன் பெயரே பத்து, இருபது முறை வரும். ஒரு பக்கம் பழுதானால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காக, 2008-ல் வெளிவந்த நாளிலிருந்தே அது வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரும் வரிசையாக வரும். விண்டோஸின் பலவகைச் சேவைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது. முன்பெல்லாம் ஒரே வண்டியில் பல சேவைகள் பயணம் செய்தன. 2017-ல் வந்த விண்டோஸ் 10 திருத்தத்துக்குப் பிறகு, போதிய நினைவகம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வண்டி கொடுத்துவிட்டார்கள். வரிகள் பெருகியதற்குக் காரணம் அதுதான். திருடர் கூட்டம் புகுந்ததாக எண்ணிக் கலங்கத் தேவையில்லை.

சும்மா இருந்ததும் குற்றமா?

பட்டியலில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்று ஒரு வரி இருக்கும். கம்ப்யூட்டரின் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு, சில சமயம் தொண்ணூற்றெட்டுப் பங்கு அதன் பெயரில் எழுதியிருக்கும். "இதுதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது!" என்று கொதித்தவர்கள் எத்தனையோ பேர்.

உண்மை என்ன? அந்தப் பெயருக்கே 'சும்மா இருப்பது' என்றுதான் பொருள். கம்ப்யூட்டரின் மூளைக்கு எவ்வளவு ஓய்வு இருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. தொண்ணூற்றெட்டு என்று காட்டினால், மூளை அநேகமாக ஓய்வில் இருக்கிறது என்று அர்த்தம். மகிழ வேண்டிய இடத்தில் மனிதர்கள் நடுங்குகிறார்கள்!

கரடி பொம்மை செய்த கலாட்டா

நடுக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. கை நீண்டுவிட்டால்?

2001-ம் ஆண்டில் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. "உங்கள் கம்ப்யூட்டரில் சல்ஃப்என்பிகே என்ற பைல் இருக்கிறதா? அது வைரஸ். உடனே அழியுங்கள். நண்பர்களுக்கும் தெரிவியுங்கள்" என்பது அதன் சாரம். தேடினார்கள். இருந்தது! அழித்தார்கள். ஆனால் அது விண்டோஸ் 98-ன் சொந்த பைல். நீண்ட பைல் பெயர்களைப் பழுதுபார்க்க உதவும் சாதாரணக் கருவி. விண்டோஸ் 98 இருந்த வீட்டிலெல்லாம் அதுவும் இருக்கத்தானே செய்யும்?

மறு ஆண்டே, அதாவது 2002-ல், அதே கதை வேறு வேஷத்தில் வந்தது. இந்த முறை குற்றவாளி ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற பைல். அதற்கு அடையாளச் சித்திரமாக ஒரு கரடி பொம்மை! விண்டோஸ் பைல்களுக்கு நடுவில் கரடி பொம்மைக்கு என்ன வேலை? பார்த்தவர்களுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஜாவா புரோகிராம்களில் பிழை பார்ப்பதற்காக மைக்ரோசாப்டே வைத்த பைல் என்பது அவர்களுக்குத் தெரியாது. அழித்துவிட்டு, முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கடிதம் போட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், வைரஸ் செய்வதும் இதைத்தானே! பைலை அழிக்கும், தெரிந்தவர்களுக்கெல்லாம் பரவும். அந்த இரண்டு வேலைகளையும் நல்லெண்ணம் படைத்த மனிதர்கள் தங்கள் கையாலேயே செய்து முடித்தார்கள். வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை. பயமே போதுமானதாக இருந்தது.

சாதாரண ஜனங்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 21-ம் தேதி, மெக்காபி என்ற பெரிய வைரஸ் தடுப்புக் கம்பெனி வெளியிட்ட ஒரு திருத்தம், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் இருந்த உண்மையான எஸ்விசிஹோஸ்ட் பைலையே வைரஸ் என்று தீர்மானித்துவிட்டது. வீட்டுக்காரரையே திருடன் என்று காவற்காரன் பிடித்த கதை! உலகின் பல இடங்களில் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன; நெட்வொர்க் தொடர்பை இழந்தன.

பயத்துக்கும் காரணம் உண்டு

அப்படியானால் பயமே வேண்டாமா? எல்லாம் நல்லவர்கள்தானா? அதுவும் தவறு.

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு உலகைச் சுற்றியது. கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்து எழுந்தன. அந்தப் புழு ஒளிந்துகூட இருக்கவில்லை. எம்எஸ்பிளாஸ்ட் என்ற தன் சொந்தப் பெயரிலேயே டாஸ்க் மானேஜர் பட்டியலில் உட்கார்ந்திருந்தது! பட்டியலைப் பார்க்கும் பழக்கம் இருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள்.

2008-ல் வந்த 'கான்பிக்கர்' இன்னும் சாமர்த்தியசாலி. உண்மையான எஸ்விசிஹோஸ்ட் வண்டிக்குள்ளேயே ஒரு பயணியைப் போல அது ஏறிக்கொண்டது. வண்டியின் பெயர் சரி. வண்டி நிற்கும் இடமும் சரி. பயணி மட்டும் திருடன்!

எல்லாவற்றிலும் மோசமான சம்பவம் 2005-ல் நடந்தது. அதைச் செய்தது ஏதோ இருட்டு மூலையில் இருந்த கயவர் கூட்டமன்று. சோனி பிஎம்ஜி என்ற பிரபல இசைத்தட்டுக் கம்பெனி. பாட்டுக் கேட்பதற்காக வாங்கிய குறுந்தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டவர்களுக்கு, பாட்டோடு ஒரு ரகசியப் புரோகிராமும் வந்து சேர்ந்தது. தட்டைப் பிரதி எடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். அது தன்னை மறைத்துக்கொண்டது. பைல் பட்டியலிலும் தெரியாது. ஓடும் புரோகிராம்களின் பட்டியலிலும் தெரியாது. அது மட்டுமா? குறிப்பிட்ட ஐந்து குறிகளில் தொடங்கும் பெயருடைய எந்த பைலையும் அது மறைத்துவிடும். அந்தப் போர்வைக்குள் வேறு திருடர்களும் நுழையலாம். நுழையவும் முயன்றார்கள்!

மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தம் சொந்தக் கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடித்து, 2005 அக்டோபர் 31-ம் தேதி அம்பலப்படுத்தினார். பெரும் கூச்சல் எழுந்தது. அப்போது அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் வானொலியில் என்ன கேட்டார் தெரியுமா? இப்படி ஒளியும் புரோகிராமுக்கு 'ரூட்கிட்' என்று பெயர்; அது என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது, அவர்கள் ஏன் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்டார்!

தெரியாது; ஆகவே கவலைப்படத் தேவையில்லை! இதைவிட ஆணவமான பேச்சு இருக்க முடியுமா? வழக்குகள் வந்தன. சில வாரங்களில் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

விசாரிக்கும் முறை

அறியாமையும் உதவாது, அவசரமும் உதவாது. விசாரணைதான் உதவும். தெரியாத புரோகிராமைக் கண்டால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பெயர் என்ன? எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ஆங்கில 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கலாம். சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' இருக்கலாம். இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். கண்ணை ஏமாற்றும் பழைய தந்திரங்கள் இவை.

இரண்டாவது: குடியிருப்பு எங்கே? பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், விலாசம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த வரியின்மீது மவுசின் வலப் பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் பைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பைல் இருக்கும் இடம் திறக்கும். எல்சாஸ் என்ற பெயரில் ஓடுவது விண்டோஸ் போல்டருக்குள் உள்ள சிஸ்டம்32 என்ற இடத்தில் இருக்க வேண்டும். அதே பெயர், இறக்குமதி செய்த பைல்கள் கிடக்கும் 'டவுன்லோட்ஸ்' போல்டரிலிருந்தோ, தற்காலிகக் குப்பைகள் சேரும் 'டெம்ப்' போல்டரிலிருந்தோ ஓடினால், அங்கே கோளாறு இருக்கிறது.

மூன்றாவது: முத்திரை யாருடையது? பொறுப்புள்ள கம்பெனிகள் தங்கள் பைல்களில் டிஜிட்டல் கையெழுத்து இடுகின்றன. 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் அதைப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸின் சொந்த பைல்கள் சிலவற்றில் கையெழுத்து அந்த பைலிலேயே இராது. தனி ஏடு ஒன்றில் பதிந்திருக்கும். ஆகவே அங்கே காணவில்லை என்பதாலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதேபோல, முத்திரை இருந்தாலே உத்தமன் என்றும் நம்பக்கூடாது. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' புழு, தைவான் கம்பெனிகள் இரண்டின் முத்திரைகளைத் திருடிக் குத்திக்கொண்டு வந்தது.

நான்காவது: அழைத்து வந்தது யார்? எந்தப் புரோகிராம் இதைத் தொடங்கியது, எந்தச் சேவைக்காக இது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எஸ்விசிஹோஸ்ட் வரியில் வலப் பொத்தானை அழுத்தினால், அது ஏற்றியிருக்கும் சேவையின் பெயரைக் காண வழி இருக்கிறது. புதிய விளையாட்டு ஒன்றைப் பையன் நேற்று இறக்கினானா? அச்சு இயந்திரம் புதிதாக வந்ததா? வீட்டாரை விசாரித்தாலே பாதி மர்மம் விடுபட்டுவிடும்.

ஐந்தாவது: செய்யும் வேலை என்ன? ஒன்றும் செய்யாத நேரத்திலும் மூளையின் சக்தியை இடைவிடாமல் உறிஞ்சுகிறதா? காரணமின்றி வெளியுலகத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறதா? பிறர் கம்ப்யூட்டரின் உழைப்பைத் திருடி டிஜிட்டல் நாணயம் தோண்டும் புரோகிராம்கள் உண்டு. மின்சாரக் கட்டணம் வீட்டுக்காரருக்கு, காசு வேறொருவனுக்கு! காற்றாடி ஓயாமல் இரைவதே சில சமயம் முதல் தடயம்.

இந்த விசாரணைக்குக் கருவிகளும் உண்டு. சோனி விவகாரத்தை வெளிப்படுத்திய அதே ருசினோவிச் உருவாக்கிய 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' இலவசமாகக் கிடைக்கிறது. அவருடைய கம்பெனியை மைக்ரோசாப்ட் 2006-ல் வாங்கிவிட்டது. ஆகவே மைக்ரோசாப்ட்டிடமிருந்தே அதை நேரடியாகப் பெறலாம். எந்தப் புரோகிராம் எதைப் பெற்றது என்று வம்சாவளிபோல அது காட்டும். முத்திரையைச் சரிபார்க்கும். சந்தேகமான பைலைப் பல வைரஸ் தடுப்பு நிபுணர்களின் முன்னால் ஒரே சமயத்தில் நிறுத்தும் 'வைரஸ்டோட்டல்' பரிசோதனைக்கும் அதிலிருந்தே வழி இருக்கிறது. மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 'ஆக்டிவிட்டி மானிட்டர்' இருக்கிறது.

விசாரணை முடிந்தும் சந்தேகம் தீரவில்லையா? அப்போதும் அழிக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே தானாகத் தொடங்கும் புரோகிராம்களை 'ஸ்டார்ட்அப்' பகுதியில் நிறுத்தி வைக்கலாம். தவறென்று தெரிந்தால் மறுபடி அனுமதிக்கலாம். அழித்த பைல் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

தொலைபேசியில் வரும் வைத்தியர்

இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அறியாமையை மூலதனமாக வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. அதை அறிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

தொலைபேசி மணி அடிக்கும். "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று மரியாதையான குரல் சொல்லும். 'ஈவெண்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறக்கச் சொல்லும். அங்கே சிவப்பிலும் மஞ்சளிலும் பிழைக் குறிப்புகள் வரிசையாக இருக்கும். ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அவை இருப்பது சகஜம் என்பது முதியவர்களுக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய்க் கம்ப்யூட்டரின் கடிவாளத்தையே அந்த முகம் தெரியாத ஆளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு வைத்தியச் செலவு!

2012 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் இத்தகைய மோசடிகள்மீது ஆறு வழக்குகள் தொடர்ந்ததை அறிவித்தது. ஒவ்வொருவரிடமும் 49 முதல் 450 டாலர் வரை கறந்ததாகக் குற்றச்சாட்டு. அந்த மோசடிகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து நடந்தவை என்று கமிஷன் சொன்னது. தலைகுனிய வேண்டிய சங்கதி!

கேட்காமலே தொலைபேசியில் அழைத்துக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கும் வழக்கம் தனக்கு இல்லை என்று மைக்ரோசாப்ட் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. அதன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண்ணும் வராது. இத்தகைய அழைப்பு வந்தால் பேச்சை உடனே துண்டிக்க வேண்டும். பணம் பறிபோய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே லாபம்.

கம்பெனிகளின் கடமை

எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பெட்டியையும் புரோகிராமையும் விற்றுப் பணம் வாங்குகிற கம்பெனிகளுக்கும் கடமை உண்டு.

கடையில் விற்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தில்கூட, உள்ளே இருக்கும் பொருள் என்ன, தயாரித்தவர் யார் என்று அச்சிட வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் இரவு பகலாக ஓடும் புரோகிராம் மட்டும் நாலைந்து எழுத்துகளைக் கோத்த ஒரு பெயரோடு ஒளிந்துகொள்வானேன்? "நான் இன்னார், இன்ன கம்பெனியைச் சேர்ந்தவன், இன்ன வேலைக்காக ஓடுகிறேன், என்னை நிறுத்தினால் இன்னது நின்றுபோகும்" என்று நான்கே வரிகளில் சொல்லட்டுமே! அதையும் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும். தமிழ்நாட்டில் விற்கும்போது தமிழில் எழுதுவதற்கு என்ன தடை?

பழைய நாளுக்கு இன்று எவ்வளவோ தேவலை. வெறும் பைல் பெயரோடு நின்ற டாஸ்க் மானேஜர், இப்போது பல புரோகிராம்களுக்கு ஓரளவு புரியும் பெயரையும் காட்டுகிறது. ஆனால் பாதி வழியில் நின்றுவிடக் கூடாது. ஒளிந்து ஓடுவதற்கு எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை என்பதை 2005-ம் ஆண்டின் அனுபவம் உலகுக்கு உணர்த்தியிருக்கிறது.

அதுவரை, பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வீட்டில் வர வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் நாளிலேயே ஒருமுறை பார்த்து, வழக்கமாக இருக்கும் பெயர்களைக் குறித்து வைப்பது நல்லது. தெருவாசிகளைத் தெரிந்தவனுக்குத்தானே புதிய ஆள் நுழைந்தால் அடையாளம் தெரியும்? பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கும் பிள்ளைகள் தாத்தா பாட்டியை அருகில் உட்கார வைத்து, அரைமணி நேரம் இதைக் காட்டலாம். அந்த அரைமணி நேரம், ஒரு முதியவரின் ஆயுட்காலச் சேமிப்பைக் காப்பாற்றினாலும் காப்பாற்றும்.

"யாரப்பா நீ?" என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. பதில் வரும்வரை அடிக்கவும் வேண்டாம். அடுப்படிவரை விடவும் வேண்டாம்!